உங்க சாமி

கருவேலங்குடியில் மணிமொழியனைப் பேச்சில் ஜெயித்தவர் யாருமில்லை. பூசாரியை ஜெயித்தார், ஜோசியரை ஜெயித்தார், தீ மிதித்துவிட்டு வந்த சொந்த அக்காவையே நாலு பேர் முன்னால் வாயடைக்க வைத்தார். அப்புறம் என்ன? பேச ஆளில்லாமல் போயிற்று. அக்கா தனபாக்கியம் அடுத்த தெருதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த கறிக்குழம்பும் நின்றது. மனைவி போனபிறகு தானே சமைத்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன்னந்தனியாகச் சாப்பிட்டார். பாவம்தான். ஆனால் பாவம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்.

அவருக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்று. எல்லைக்கல்லைத் தாண்டிக் கண்மாய்க் கரையில் ஓட்டு வீட்டில் இருந்த பரிதி ஐயா. அவரும் கடவுள் இல்லை என்கிறவர். ஊர் அவருக்கு வைத்த பேர் 'சாமியில்லாச் சாமியார்'. வயதில் மணிமொழியனுக்கு இளையவர், ஆனாலும் இவருக்கு அவர்தான் குரு.

அன்று சாயங்காலம் மணிமொழியன் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"இந்த ஜனங்களை எப்படித்தான் ஐயா திருத்துறது?"

"உட்காருங்க. என்னாச்சு?"

அக்கா மகள் செவ்வந்திக்கு எட்டாம் மாதம். புருஷன் குவைத்தில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கால் வீங்கி, ரத்தக்கொதிப்பு ஏறி, இன்றைக்கே டவுன் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார் நர்ஸம்மா. ஆனால் முந்தின நாள்தான் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கிறவரை ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு. தனபாக்கியம் பயந்துபோய்ப் பெண்ணை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"போய் நல்லாக் கேட்டேன். கதவைச் சாத்திட்டா."

"என்ன கேட்டீங்க? அப்படியே சொல்லுங்க."

"'உங்க சாமிக்குக் கண்ணிருந்தா உங்க பொண்ணு கால் வீங்கினது தெரியாதா? உங்க காப்புக்காக ஒரு உசிரைக் கொடுப்பீங்களா? நாங்க சொன்னா என்னைக்குத்தான் கேட்டீங்க?' இதுல என்ன தப்பு ஐயா?"

"நியாயமான கேள்விதான். நாங்கன்னா யார் யாரு?"

மணிமொழியன் வாயைத் திறந்தார். பின்னால் திரும்பிக்கூடப் பார்த்தார். கரையில் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது.

"நாங்கன்னா... நான்தான்."

"செவ்வந்தி உங்களுக்கு என்ன முறை?"

"மருமக. நான் தாய்மாமன்."

"காது குத்துனப்ப உங்க மடியிலதானே உட்கார்ந்தா?"

"அதெல்லாம் சடங்குன்னு நான் போகலை."

"அப்ப யார் மடியில?"

"பலகையில உட்கார வச்சுக் குத்தினாங்களாம்."

இத்தனை வருஷத்தில் அது அவருக்கு உறைத்ததே இல்லை; சொல்லும்போதுதான் உறைத்தது.

பரிதி ஐயா எழுந்தார். அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

"இதுதான் அக்கா வீடு. பேசுங்க."

இதென்னடா கூத்து என்று நினைத்துக்கொண்டே, "உங்க மூடத்தனத்தால..." என்று ஆரம்பித்தார் மணிமொழியன். கதவு அசையவில்லை. மருத்துவம் பேசினார், சட்டம் பேசினார். ம்ஹூம். ஊருக்குள் கொட்டுச் சத்தம் கிளம்பியது. ஊரே அங்கே கூடியிருக்கும். இவர் மட்டும் சாத்திய கதவு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, நம்ம புள்ளைக்குக் கால் வீங்கிக் கிடக்கு. எனக்குப் பயமா இருக்குக்கா."

கதவு திறந்தது.

"இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றார் பரிதி ஐயா. "வாசல் தப்பு. ஓடுங்க."

ஓடினார்.

அதே வார்த்தையை அக்கா வீட்டு வாசலில் நின்று சொன்னார். உள்ளேயிருந்து தனபாக்கியம் கேட்டாள்:

"அம்மன் கோவிச்சுக்கிட்டா என்னடா பண்றது?"

"எனக்கு அதுல நம்பிக்கையில்லக்கா. பொய் சொல்லமாட்டேன். ஊர் கேட்டா தம்பிதான் கூட்டிட்டுப் போனான்னு சொல்லு. பழி என் மேல வரட்டும்."

"உன் மேல இன்னும் இடமிருக்காக்கும்!" மூக்கைச் சிந்திக்கொண்டே கதவைத் திறந்தாள். மகள் நெற்றியில் திருநீறு பூசி, தம்பியிடமும் நீட்டினாள். அவர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, செவ்வந்தியைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்.

எல்லைக்கல்லில் வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே நாட்டாமை மறித்தார்.

"ராத் தங்கப் போறீங்களா? ஊருக்கு ஆகாதுப்பா."

"நம்ம ஊர்ப் புள்ளைண்ணே. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுதான் நம்ம ஊருக்கு ஆகாது."

நாட்டாமை ஆட்டோவுக்குள் குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சில மாதம் கழித்து மணிமொழியன் கண்மாய்க் கரைக்கு வந்தார்.

"அம்மன்தான் காப்பாத்துச்சுன்னு அக்கா ஊரெல்லாம் சொல்றா ஐயா. கூழ் ஊத்தப் போறாளாம். நான் தோத்துட்டேன்போல."

"கூழுக்கு உங்களைக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டா. அடுத்த காப்புக்கு முன்னாடி ஊர்க்கூட்டத்துல இந்தக் கட்டுப்பாட்டை எடுக்கச் சொல்லிப் பேசப் போறேன். நாட்டாமையே வரச் சொல்லிட்டார். அப்புறம்... செவ்வந்திக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. புள்ளைக்குக் காது குத்த என் மடிதான் வேணுமாம்."

"போவீங்களா?"

"சாமி கும்பிடமாட்டேன். மடி கொடுப்பேன்."

பரிதி ஐயா சிரித்தார்.

"நீங்களும் வாங்க ஐயா."

பரிதி ஐயா ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நான் ஏன் குடியிருக்கேன்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்லை" என்றார். "நானும் எல்லார்கிட்டயும் ஜெயிச்சவன்தான்."