அரக்கனை வென்ற எலிகள்

ஏரிக்கரை வயலில், வரப்புக்கு அடியில் ஓர் எலிக்குடும்பம் இருந்தது. அறுவடைக் காலம் முழுக்கத் தாய் எலி ஓடி ஓடிச் சேர்த்த நெல் வளை நிறைய இருந்தது. கண் திறக்காத குட்டிகள் அந்த நெல்மீதே படுத்துத் தூங்கின.

ஒருநாள் காலையில் தவளை வந்து கத்தியது.

"மதகைத் திறக்கப் போகிறார்கள்! மத்தியானத்துக்குள் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடும்!"

தாய் எலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூத்த பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டாள். அண்ணன் கூர்ப்பல்லன், தங்கை சிறுவாலி.

"மேட்டில் இருக்கிற பெருச்சாளி மாமாவிடம் ஓடுங்கள். உடனே வந்து கரைமேல் ஒரு வளை தோண்டித் தரச் சொல்லுங்கள். அந்த இறுகின மண்ணை அவரால்தான் தோண்ட முடியும். நெல்லையும் குட்டிகளையும் மேலே ஏற்றிவிடலாம். வழியில் நிற்காதீர்கள்!"

"நிற்கவே மாட்டோம் அம்மா!"

வரப்பைத் தாண்டியதுமே கூர்ப்பல்லன் ஒரு புல்லைப் பிடுங்கி வாள்போல இடுப்பில் செருகிக்கொண்டான்.

"மாமாவைக் கூப்பிடுவதெல்லாம் ஒரு வேலையா? நான் இளவரசன்! அரக்கனை அடக்கப் புறப்பட்டுவிட்டேன்!"

"அப்போ நான்?"

"நீ சேனாதிபதி!"

நேரே ஓடினால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று சிறுவாலிக்குத் தெரியும். ஆனால் சேனாதிபதி பதவி யாருக்குக் கசக்கும்? வாலை நிமிர்த்திக்கொண்டு அண்ணன் பின்னால் நடந்தாள்.

வாய்க்கால் ஓரத்தில் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது.

"கோட்டைக் காவலனே, கதவைத் திற!" என்றான் கூர்ப்பல்லன்.

"கோட்டையாவது, கதவாவது! வெயில் காய வந்தேன். ஓரமாகப் போங்களேன்!"

"பார்த்தாயா, பயந்துவிட்டான்!"

இளவரசர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்தான்.

இப்படியே கண்ட நத்தையிடமெல்லாம் கப்பம் கேட்டு மேட்டை அடைந்தபோது உச்சி வெயில். அரக்கன் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அப்போது மாமாவின் வளையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

"கேட்டாயா? குகைக்குள் அரக்கன்!"

"அண்ணா, அது நம்ம மாமா..." என்று சிறுவாலி மெல்ல இழுத்தாள்.

"சேனாதிபதி பேசுகிற பேச்சா இது? பயமாக இருந்தால் சொல், பதவியை ஒரு நத்தைக்குக் கொடுத்துவிடுகிறேன்!"

அவ்வளவுதான். முதல் கல்லைச் சிறுவாலியே உருட்டினாள். இருவரும் சேர்ந்து கல்லாலும் களிமண்ணாலும் வாசலை அடைத்தார்கள்.

"யாரடா அது? வெளியே வந்தால் காதைத் திருகிவிடுவேன்!" என்று உள்ளேயிருந்து மாமா கத்தினார்.

"அடடா, என்ன கர்ஜனை!" என்று கூர்ப்பல்லன் மெச்சிக்கொண்டான்.

வந்த விஷயத்தை மட்டும் இருவரும் அவரிடம் சொல்லவில்லை.

"வெற்றி! இளவரசருக்கு வெற்றி!" என்று வயல் முழுக்கக் கூவிக்கொண்டே வீடு திரும்பினார்கள். அம்மா வரப்பில் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா எங்கே?"

"அரக்கனைக் குகையில் அடைத்துவிட்டோம் அம்மா!"

திட்டக்கூட அம்மாவுக்கு நேரமில்லை. தண்ணீர் வந்துவிட்டது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கரையேற்றினாள். கடைசிக் குட்டியோடு மேலே வந்தபோது அவள் மூக்குவரை சேறு. நெல்லை எடுக்க யார் போவது? அவள் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் வெள்ளத்தோடு வயலில் இறைந்தது.

வேறு பக்கம் தோண்டிக்கொண்டு வெளியே வந்த மாமா, வெற்றிக் கூச்சல் போன திசையில் மூச்சிரைக்க ஓடிவந்தார். அம்மா நடந்ததைச் சொன்னாள்.

"பாவிகளா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே வந்திருப்பேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

அதற்குள் வாத்துக் கூட்டம் ஒன்று வந்து நெல்லை அள்ளித் தின்னத் தொடங்கியது.

"பிரமாதமான விருந்து! யார் உபயம்?" என்றது ஒரு வாத்து.

"வெற்றி வெற்றி என்று கத்திக்கொண்டு போனாரே, அந்த இளவரசர் உபயம்!" என்றது இன்னொன்று.

சிறுவாலிக்கு அவமானத்தில் அழுகை முட்டியது. மாமா என்று தெரிந்தேதானே கல்லை உருட்டினாள்!

"அம்மா, பசிக்கிறது," என்றான் கூர்ப்பல்லன்.

அம்மா நனைந்த குட்டிகளை அணைத்தபடியே வாத்துகளைக் காட்டினாள்.

"அங்கே போய்க் கேள். மிச்சம் வைத்தால் தருவார்கள்!"

சொன்ன வேலையை விட்டுவிட்டு வீரம் பேசித் திரிந்தால், வீட்டார் வாயில்தான் மண் விழும்.