சுண்ணாம்பில்லாத ஆரத்தி

நீலாங்கரையில் ரிட்டயர்டு சீஃப் இன்ஜினியர் தணிகாசலத்தின் வீட்டு வாசலில், தரைக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் நீச்சல் குளம் உண்டு. அதற்கு மருந்து போடும் உரிமை அவருக்கு மட்டுமே. பாசியைத் தேய்க்கும் உரிமை வேலைக்காரி பூங்காவனத்துக்கு.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. அன்று பார்த்து சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். மனிதருக்கு மானம் போயிற்று.

"நாலு டப்பா குளோரின் கொட்டியிருக்கேன், இன்னும் பச்சையா நிக்குது! நீ ஒழுங்காத் தேய்க்கல. நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

"தேய்ச்சேன் ஐயா. தண்ணியில காரம் ஏறிப்போச்சு, மருந்து வேலை செய்யல."

"காரமா? நீ என்ன கெமிஸ்ட்ரி படிச்சவளா? நிரூபி பார்ப்போம்!"

"இருங்க, மொதல்ல சம்பந்தி அம்மாவுக்கு ஆரத்தி எடுத்துடறேன்."

தாம்பாளத்தில் அந்தக் குளத்துத் தண்ணீரையே மொண்டு, ஒரு சிட்டிகை மஞ்சளைப் போட்டாள். அவ்வளவுதான். எல்லோரும் பார்க்கப் பார்க்க, தண்ணீர் குங்குமம் கரைத்ததுபோல் சிவந்தது.

"அடியம்மா! சுண்ணாம்பே போடலையேடி!" என்றார் சம்பந்தி அம்மாள்.

"அந்த வேலைய ஐயாவே முடிச்சுட்டாரும்மா."

மருமகள் ஓடிப்போய்க் காலி டப்பாக்களைக் கொண்டுவந்தாள். குளோரின் என்று நினைத்து அவர் கொட்டியதில் முக்கால்வாசி சலவை சோடா!

தணிகாசலத்தின் குரல் இறங்கிற்று. "இப்ப என்ன பண்றது, பூங்காவனம்?"

"கொஞ்சம் கொஞ்சமா ஆசிட் ஊத்தி, காரத்தை இறக்கணும் ஐயா. நாளைக்கு வந்து நானே ஊத்தறேன். டப்பாவுல எழுதியிருக்கறத மட்டும் நீங்க படிச்சுச் சொல்லுங்க. எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே!"