மூக்காயியின் முழங்கால்

ஆனைப்பள்ளம் காட்டில் மூக்காயி என்றொரு கரடி இருந்தாள். அவள் கணவன் பெயர் சடையன். தேன்கூடு எத்தனை உயரத்தில் இருந்தாலும் மூக்காயி ஏறிவிடுவாள். அவளைக் கண்டாலே தேனீக்கள், "வந்துவிட்டாளா!" என்று அலுத்துக்கொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. மழை போயிற்று. வலி போகவில்லை.

"என்னங்க, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் உட்கார முடியவில்லை!" என்றாள்.

ஒருவருக்கு நோய் வந்தால் வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? முதலில் குரங்கு வந்தது.

"கட்டெறும்புப் புற்றில் காலை விடு. கடிக்கிற கடியில் வலி ஓடிவிடும்!"

மூக்காயி காலை விட்டாள். அடுத்த நொடியே அலறிக்கொண்டு ஓடினாள்.

"பார்த்தாயா, ஓடுகிறாய்! குணமாகிவிட்டது!" என்று குரங்கு கைதட்டியது. சடையன் விரட்டியதில் அது மூன்று நாள் மரத்தை விட்டு இறங்கவில்லை.

அடுத்து மயில் வந்தது. "வலிக்கிற காலால்தான் ஆட வேண்டும். தினம் நூறு சுற்று!" என்றது. ஏழாவது சுற்றில் மூக்காயி தடுமாறிச் சடையன்மேல் விழுந்தாள். அன்று முதல் சடையனுக்கு முதுகு வலி.

பிறகு நரி வந்தது. "மூன்றே நாளில் குணம்! ஆனால் பத்தியம் முக்கியம். நீ தேனைத் தொடவே கூடாது."

"குகையில் இருக்கிற தேனை என்ன செய்வது?"

"அந்தக் கவலை உனக்கு எதற்கு? நான் பார்த்துக்கொள்கிறேன்!"

மூன்று நாளில் தேன் தீர்ந்தது. வலி அப்படியே இருந்தது.

கடைசியில் மூக்காயி மரங்கொத்தியிடம் போனாள். மரங்கொத்தி அவள் முழங்காலை இங்கே 'டக்', அங்கே 'டக்' என்று தட்டிப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "பொய் சொல்ல மாட்டேன், மூக்காயி. இந்த வலி முழுதாகப் போகாது. குறைத்துக்கொள்ளலாம். வெயிலில் காய்ந்த பாறையில் காலை நீட்டு. தினமும் கொஞ்சம் நட. வலி கூடுமுன்பே உட்கார். எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நீயேதான் கவனிக்க வேண்டும்."

மூக்காயி குகைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் எழுந்து வெளியே வரவில்லை. சடையன் தலையைச் சொறிந்தான். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மூக்காயி, என் பெரிய மாமா ஒரு தடவை வந்தாரே, இரண்டே நாள் இருப்பேன் என்று. எத்தனை நாள் இருந்தார்?"

"ஏழு மாதம்!" என்றாள் அவள், திரும்பாமலே.

"நாம் செத்தா போனோம்? அவர் தூங்குகிற நேரம் பார்த்துச் சாப்பிட்டோம். அவர் குறட்டை விடும்போது வெளியே போய்ப் பேசிக்கொண்டோம். வாழ்ந்தோம் இல்லையா?"

மூக்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கொஞ்சம் அழுதாள்.

மறுநாள் முதல் அவள் தன் காலைக் கவனிக்கத் தொடங்கினாள். ஒரு நாள் வலியே இல்லை. "போய்விட்டது!" என்று துள்ளி எழுந்தாள். நான்கு மரம் ஏறினாள். ஆறு கறையான் புற்றைத் தோண்டினாள். அடுத்த மூன்று நாள் படுத்த படுக்கை! இன்னொரு முறையும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் முறை வலி இல்லாத நாள் வந்தபோது, ஒரே மரம் ஏறி இறங்கிவிட்டாள்.

"மேலே இன்னொரு கூடு இருக்கிறதே!" என்றான் சடையன், சப்புக்கொட்டிக்கொண்டு.

"இருக்கட்டும். நாளைக்கும் எனக்குக் கால் வேண்டும்!"

ஆனால் வெளியார் முன் மட்டும் அவள் வலியைக் காட்டிக்கொள்வதில்லை. வழியில் உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்துவிட்டால், "காட்டின் அழகை ரசிக்கிறேன்!" என்பாள்.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. மலையைத் தாண்டி ஆற்றுக்குப் போக வேண்டும். எல்லா விலங்குகளும் கூடின.

"நிற்காமல் நடந்தால் இரண்டே நாள்!" என்று உறுமியது காட்டுப்பன்றி. "பின்தங்குகிறவருக்காக யாரும் நிற்க மாட்டோம்."

மூக்காயி தன் முழங்காலைக் குனிந்து பார்த்தாள். போன கோடையில் பின்தங்கிய இரண்டு மான்கள் ஆற்றைப் பார்க்கவே இல்லை.

"உன்னை நான் தூக்கிக்கொள்கிறேன்" என்று சடையன் காதில் முணுமுணுத்தான்.

"உங்கள் வயிற்றைத் தூக்கவே உங்களுக்குத் தெம்பில்லை!" என்ற மூக்காயி, மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு மூட்டுவலி. தீராத வலி. உச்சி வெயிலில் நிற்காமல் நடந்தால் பாதி வழியில் விழுந்துவிடுவேன். விடியற்காலையில் கொஞ்சம் நடப்போம், வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம் நடப்போம். நடுவில் நிழலில் படுப்போம். வழியில் இரண்டு சுனை இருக்கிறது. தேன் தேடி அலைந்தபோது பார்த்திருக்கிறேன். நான்கைந்து நாளில் போய்ச் சேரலாம்."

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "ஒரு முழங்காலுக்காக ஒரு காடே காத்திருக்க வேண்டுமா!"

அப்போது கடமான் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு மூச்சிரைப்பு. மூன்று வருடமாக" என்றது.

"எனக்கு வயிறு சரியில்லை" என்றது முயல்.

"நீயா? நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறாயே!" என்றது காட்டுப்பன்றி.

"அதனால்தான் ஓடுகிறேன்!"

"எனக்குத் தலைவலி" என்றது யானை. "தலையின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்!"

மயில் இருமியது. "என் பாதத்தில் வெடிப்பு. நூறு சுற்றெல்லாம் நான் ஆடியதே இல்லை." காட்டுப்பன்றிகூட, "இடுப்புதான்... கொஞ்சம்..." என்று இழுத்தது.

எல்லோரும் நரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அது பின்னங்காலால் காதைப் பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தது.

"என்ன பார்க்கிறீர்கள்? வெறும் சொறி! ஐந்து வருடமாக இருக்கிறது."

"மூன்றே நாளில் குணமாக்குவாயே!" என்றாள் மூக்காயி.

"அது மற்றவர்களுக்கு!"

காடே சிரித்தது. மூக்காயி சொன்ன வழியிலேயே போவதென்று முடிவாயிற்று.

மூன்றாம் நாள் அவள் முழங்கால் பூசணிக்காய்போல் வீங்கியது. இந்த முறை அவள் அழகை ரசிக்கவில்லை. "இன்று என்னால் முடியவில்லை. யாராவது உதவுங்கள்!" என்றாள்.

யானை மண்டியிட்டு முதுகைக் காட்டியது. "ஏறிக்கொள். தலையில் மட்டும் கைவைக்காதே!"

ஐந்தாம் நாள் மாலை அவர்கள் ஆற்றை அடைந்தார்கள். காட்டுப்பன்றி எண்ணிப் பார்த்தது. ஒருவர்கூடக் குறையவில்லை.

மூக்காயி காலைத் தண்ணீரில் விட்டபடி கரையில் உட்கார்ந்தாள். "இப்போது வலி போய்விட்டதா?" என்று கேட்டது கடமான்.

"எங்கே போகிறது? வலிக்கத்தான் செய்கிறது. கூடவே பசிக்கவும் செய்கிறது. அந்த அத்தி மரத்தில் பழம் இருக்கிறதா, பாருங்கள்!" என்றாள் மூக்காயி.

தீராத நோய் வந்தவர் தன் உடம்பின் அளவறிந்து நடக்க வேண்டும். முடியாத அன்று முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.