தண்ணீர் கேன் உருண்ட தூரம்

உறையூரில் ரெஜினா என்று ஒரு டிரைவிங் மாஸ்டர் இருந்தார். அவருக்கு முப்பத்தி நாலு வயசு. அவரிடம் படிக்க வந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்தி ரெண்டு.

தணிகாசலம் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். இடுப்பு வலி வந்து லாரியை விட்டுவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிற வேலை கிடைப்பதாக இருந்தது. பிள்ளைகள் ஏறுகிற வண்டி. அதனால் ரெஜினா மாஸ்டரிடம் பத்து நாள் ஓட்டிக் காட்டி, கடிதத்தில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். கையெழுத்து இல்லை என்றால் வேலை இல்லை.

ஒன்பதாவது நாள், மெயின் ரோட்டில் ஒரு பெண் முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் கேரியரில் குழந்தை. தணிகாசலம் காரை அவள் பின்னால் ஒட்டினாற்போலக் கொண்டுபோய் ஹாரன் அடித்தார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். தலை திரும்பின பக்கமே சைக்கிளும் சாய்ந்தது. பக்கத்து சீட்டில் இருந்த மாஸ்டர், தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை மிதித்தார். கார் நின்றது.

குழந்தையின் செருப்பு ஒன்று கழன்று ரோட்டில் விழுந்திருந்தது. மாஸ்டர் இறங்கிப் போய் அதை எடுத்து, குழந்தையின் காலில் மாட்டிவிட்டு வந்தார். அந்தப் பெண் சைக்கிளில் ஏறவில்லை. அதைத் தள்ளிக்கொண்டே நடந்து போனாள்.

"ஓரமா போனா என்ன மாஸ்டர்? நடு ரோடு இவங்களுக்கு எழுதி வச்சிருக்கா?"

மாஸ்டர் சீட் பெல்ட்டை மாட்டினார்.

"ஒரு ஜாண் இடம் இருந்துச்சு. நான் லாரிலயே அதுல போவேன். உரசியிருக்க மாட்டேன்."

மாஸ்டர் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்தார்.

"சரி, எவ்வளவு இடம் விடணும்னு நீங்களே சொல்லுங்க. நாளைக்குக் கடைசி நாள். கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

"நாளைக்கு வாங்கண்ணே."

மறுநாள் தணிகாசலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் கடிதம் இருந்தது.

"அண்ணே, குடிக்கத் தண்ணி தீந்துபோச்சு. வாசல்ல நிக்கிற சைக்கிள்ல போய் ஒரு கேன் வாங்கிட்டு வாங்க. நான் கார்ல பின்னாடி வர்றேன்."

"நீங்கதான் கார்ல வர்றீங்களே. கேனை அதுல வச்சுக்கலாமே?"

"வச்சுக்கலாம்" என்று சொல்லி மாஸ்டர் சைக்கிள் சாவியை நீட்டினார்.

எதிர் டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னண்ணே, லாரிலேருந்து சைக்கிளுக்கு பிரமோஷனா?"

"நீ டீய ஆத்துப்பா" என்றார் தணிகாசலம்.

போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது கேரியரில் இருபது லிட்டர் தண்ணீர். அது ஒரு பக்கம் போனால் சைக்கிள் ஒரு பக்கம் போனது. ஓரமாகத்தான் ஓட்டினார். ஓரத்தில் மணல், டயர் வழுக்கியது. கொஞ்ச தூரத்தில் சாக்கடை மூடி ஒன்று பாதி உள்ளே இறங்கிக் கிடந்தது. அதற்கு ஒதுங்கினார். அப்புறம் ஒரு வாழைப்பழ வண்டி. அதற்கும் ஒதுங்கினார். கடைசியில் ஓரத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி நேராக ஓட்டினார்.

மாஸ்டரின் கார் பின்னால் வருகிற சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. மாஸ்டர் அடிக்கவில்லை.

ரோடு அகலமான இடத்தில் எதிரே வண்டி வரவில்லை. மாஸ்டர் காரை நன்றாக வலப்பக்கம் ஒதுக்கி, மெதுவாக முன்னே போகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, ஓரத்தில் நின்ற கார் ஒன்றின் கதவு படீரென்று திறந்தது.

தணிகாசலம் ஹேண்டில்பாரை ஒடித்தார். தண்ணீர் கனம் சைக்கிளைச் சாய்த்துவிட்டது. வலப்பக்கமாக, முழு உடம்போடு ரோட்டில் விழுந்தார். கயிறு அவிழ்ந்து கேன் உருண்டது.

கண்ணைத் திறந்தபோது நீட்டின கை முன்னால் கிடந்தது. கைக்கு அப்பால் கேன். கேனுக்கு அப்பால் மாஸ்டரின் கார்ச் சக்கரம், நின்றிருந்தது. கேனுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ஜாண் இருக்கும்.

எழுந்திருக்காமல் அந்த ஒரு ஜாணையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"ஐயோ, பாக்காம திறந்துட்டேங்க" என்று கதவைத் திறந்தவர் ஓடி வந்தார். மாஸ்டரும் இறங்கி வந்து கை கொடுத்தார்.

"அடி பட்டுச்சாண்ணே?"

"முழங்கைதான்."

"ஓரமா போகக் கூடாதா? நடு ரோடு உங்களுக்கு எழுதி வச்சிருக்கா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ஓரத்துல மணலு, மூடி உடைஞ்சு கிடக்கு, கதவ வேற திறக்குறாங்க. மனுஷன் எங்கதான் போறது?" என்று கத்தினார் தணிகாசலம். கத்தி முடித்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மாஸ்டர் போன் செய்ததும் டீக்கடைக்காரர் மகன் வந்து சைக்கிளை எடுத்துப் போனான். கேனைக் காரில் ஏற்றினார்கள். மாஸ்டர் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, "எடுங்கண்ணே" என்றார்.

நாச்சியார் கோயில் பக்கம் ரோடு குறுகல். முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சைக்கிளில் போனாள். தணிகாசலம் வேகத்தைக் குறைத்தார். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "என்ன பெரியவரே, வண்டிய ஓட்டுறீங்களா, தள்ளிக்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தணிகாசலத்தின் கை ஹாரன் பக்கம் போனது. போய், திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெண் தெருவில் திரும்புகிறவரைக்கும் அவள் பின்னாலேயே மெதுவாக வந்தார்.

மாஸ்டர் தன் காலைப் பிரேக்கில் வைக்கவே இல்லை.

ஆபீசில் கடிதத்தை மேஜைமேல் வைத்தார் தணிகாசலம். மடிப்பில் ரோட்டு மண் ஒட்டியிருந்தது. மாஸ்டர் அதைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வாங்கிக்கொண்ட பிறகும் தணிகாசலம் போகவில்லை.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கண்ணே."

"நான் விழுவேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மாஸ்டர் பேனாவை மூடினார்.

"தெரியாதுண்ணே. தெரியாததாலதான் அவ்ளோ தள்ளி வந்தேன்."