கட்அவுட்டுக்கு வலிக்காது

ஊரே கைகட்டி நிற்கும் சேர்மன் இளவழகனுக்கு. அவர் அப்பாவோ பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்தார். பிசியோதெரபிஸ்ட் ரெஜினா அவரைத் தொடுமுன் "தொடட்டுமா ஐயா?" என்று கேட்பாள், அவர் கண்ணை மூடித் திறப்பார்.

"நாளைக்கு என் பாராட்டு விழா. அப்பா மேடையில நின்னாகணும்," என்றார் சேர்மன்.

"வலியில துடிச்சுப் போயிடுவார் சார். அவரையே கேளுங்களேன்."

"அவருக்கு என்னம்மா புரியும்? வேலை வேணும்னா சொன்னதைச் செய்."

"அப்போ வாசல்ல நிக்கிற அவர் கட்அவுட்டையே மேடையேத்திடுங்க சார். அதுக்கும் ஒண்ணும் புரியாது. வலிக்கவும் செய்யாது."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரியவர் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வழிய.

சேர்மன் கட்டிலை விட்டு ஓரடி பின்வாங்கினார். "இன்னும் இழுத்துக்கிட்டே கிடக்கு, எப்பப் போகுமோ" என்று தினமும் போனில் அவர் பேசியது அந்தக் கட்டிலருகே நின்றுதான்.