சந்தனம் வைத்த பிஸ்டல்

குருமார்களுக்குக் கோபம் வராது என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். இது பிழை. இவ்வளவு பெரிய பிழை இவ்வளவு காலம் திருத்தப்படாமல் இருப்பது வருத்தத்துக்குரியது. புராணங்களில் முனிவர்கள் கொடுத்த வரங்களை ஒரு பக்கமும் சாபங்களை மறுபக்கமும் எழுதிப் பார்த்தால் சாபங்களின் பக்கம்தான் நீளும். ஒரே முனிவர் பலருக்குக் கொடுத்த சாபங்களை ஒன்றாகக் கொண்டாலும் முடிவு மாறாது. குருவுக்குத் தாடி இருக்கும், அவர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார் என்பவையும் இதே வகைப் பிழைகள்.

இந்தக் கதையின் குரு எஸ்தர் லில்லி. மாவட்ட ஆயுதப்படையில் சப்-இன்ஸ்பெக்டர். ஆயுதக் கிடங்கும் சுடுதளமும் அவர் பொறுப்பு. சுடக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'.

சீடர் இன்ஸ்பெக்டர் கோமதிநாயகம். பத்து ஆண்டுகளுக்கு முன் எஸ்தர் லில்லியிடம் பிஸ்டல் கற்றவர். பதவியில் அவரைவிட மேல், வயதில் ஏழு ஆண்டு மூத்தவர். அவர் 'மாஸ்டர்' என்பார், மாஸ்டர் அவரை 'ஐயா' என்பார். இந்த இரண்டு சொற்களில் எது கனமானது என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

அன்று காலை கிடங்குக்குள் வரும்போதே கோமதிநாயகம் கோபமாக இருந்தார். கையில், மேலிடத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்ட நான்கு பக்க விளக்கக் கடிதத்தின் நகல்.

"என் பிஸ்டலைப் பாத்தாச்சா மாஸ்டர்?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

மூன்று நாட்களுக்கு முன் நடந்தது இது. பிஸ்டலைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் முதலில் வாசலில் இருக்கும் மணல் பெட்டிக்குப் போக வேண்டும். குழலை மணலுக்கு நேரே பிடித்து, குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, மேல்பாகமான ஸ்லைடை இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே கவுண்டருக்கு வரலாம். அன்று பந்தோபஸ்து முடிந்து மணல் பெட்டிக்கு முன்னால் ஒன்பது பேர் நின்றார்கள். கோமதிநாயகத்துக்கு வரிசையில் நிற்கும் பழக்கம் இல்லை. நேராகக் கவுண்டருக்குப் போனார். "சேஃப்டி போட்டிருக்குய்யா, பிடி" என்று நீட்டினார். பிஸ்டல் வெடித்தது. குண்டு கவுண்டர் பலகையைத் துளைத்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் அதை வாங்க நின்ற காவலர் இசக்கிராஜாவின் இடது காலில் இறங்கியது. இரண்டு விரல்கள் போயின.

பிஸ்டலைச் சோதித்து எஸ்தர் லில்லி அறிக்கை எழுத வேண்டும். பழுது பிஸ்டலுடையது என்றால் கோமதிநாயகம் இரண்டு மாதத்தில் டி.எஸ்.பி. ஆவார். கவனக்குறைவு என்றால் சஸ்பென்ஷன்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் பிஸ்டல் பாகம் பாகமாகக் கிடந்தது. மாஸ்டர் ஒரு தையல் ஊசியால், டிரிகரைப் பூட்டி வைக்கும் சேஃப்டி லீவரின் அடியைக் குத்திக்கொண்டிருந்தார்.

"சேஃப்டி போட்டிருந்தேன். மூணு பேர் பாத்திருக்காங்க, லீவர் மேலதான் இருந்திருக்கு. டிரிகர்ல நான் விரலே வைக்கல. தானா வெடிச்சிருக்கு. என்ன இரும்போ, எந்தக் கூறுகெட்டவன் செஞ்சானோ!"

"ம்."

"அந்த இசக்கிராஜாவும் நிக்க வேண்டிய எடத்துல நிக்கல. ரெண்டாம் பக்கத்துல தெளிவா எழுதியிருக்கேன்."

மாஸ்டர் தலையைத் தூக்கினார். "எங்க நின்னிருக்கணும்?"

"கொஞ்சம் தள்ளி."

"எதுல இருந்து தள்ளி?"

கோமதிநாயகம் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். அதில் அந்த விவரம் இல்லை.

"ரெண்டாம் பக்கத்தால அவனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல வச்சே கையெழுத்து வாங்கியிருக்காங்க. போய்ப் பாத்தீங்களா?"

"ஆப்பிள் குடுத்து விட்டேன்."

"அவனுக்கு அடிபட்டது கால்ல ஐயா. வயித்துல இல்ல."

ஊசி முனையில் இருந்து மஞ்சள் தூள் உதிர்ந்தது. மாஸ்டர் அதை ஒரு காகிதத்தில் ஏந்தி அவர் பக்கம் தள்ளினார்.

"மோந்து பாருங்க."

மோந்தார். "சந்தனம்."

"ஆயுத பூஜைக்கு இதுக்குச் சந்தனம் வச்சது யாரு?"

"நான்தான். என் பிஸ்டலுக்கு வேற யாரையும் வைக்க விடமாட்டேன். வருஷா வருஷம் நானேதான் வைப்பேன்."

"தாராளமா வச்சிருக்கீங்க. லீவருக்கு அடியில போய்க் காஞ்சு கல்லா நிக்குது. பாக்க லீவர் மேல ஏறின மாதிரிதான் இருக்கும். கடைசி மயிரிழை ஏறாது. சேஃப்டி பூட்டாது."

கோமதிநாயகத்தின் முகம் முதலில் சுருங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது.

"அப்போ சேஃப்டி வேலை செய்யல!"

"செய்யல."

"அதை அப்படியே எழுதுங்க மாஸ்டர்!"

"எழுதிட்டேன்."

அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். சேஃப்டி லீவர் முழுமையாக இயங்கவில்லை என்று முதல் வரியில் இருந்தது. அதற்குக் கீழே பக்கம் காலியாக இருந்தது.

கோமதிநாயகம் நாற்காலியில் சாய்ந்தார். தப்பித்தவர்களுக்குத் தத்துவம் சீக்கிரம் வரும்.

"யோசிச்சுப் பாருங்க. ஒரு பொட்டுச் சந்தனம்! சேஃப்டியையே நம்ப முடியலன்னா மனுஷன் பின்ன எதைத்தான் நம்புறது மாஸ்டர்?"

மாஸ்டர் லீவரைத் துடைத்தார். பிஸ்டலின் பாகங்களை மறுபடி சேர்த்தார். குண்டை அடிக்கும் ஊசியை மட்டும் உள்ளே போடாமல் துணியில் தனியாக வைத்தார். ஸ்லைடை இழுத்து, வெறும் உள்ளறையை அவருக்குக் காட்டினார். லீவரை மேலே தள்ளினார். டக்கென்று பூட்டிக்கொண்டது.

"சேஃப்டி சுத்தமாயிடுச்சு. மேகசின் இல்ல. குண்டு இல்ல. அடிக்கிற ஊசி இந்தா, என் பக்கத்துல கெடக்கு. ஒரு துப்பாக்கியை இதுக்கு மேல சாதுவாக்க முடியாது. எடுங்க. அன்னிக்கு எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே எங்கிட்ட குடுங்க."

கோமதிநாயகம் எழுந்து எடுத்தார். "இப்படித்தான் வந்தேன். 'பிடி'ன்னேன்." நீட்டினார்.

"அப்படியே நில்லு!"

தகரக் கூரை அதிர்ந்தது. வாசலில் காவல் நின்ற சென்ட்ரி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் போலத் திரும்பிக்கொண்டார்.

"விரலைப் பாருய்யா!"

கோமதிநாயகம் பார்த்தார். ஆள்காட்டி விரல் டிரிகரின்மேல் சுகமாகப் படுத்திருந்தது. குழல் மாஸ்டரின் வயிற்றுக்கு நேராக இருந்தது.

"இது... இப்போ தெரியாம..."

"மொத நாள் நான் என்ன சொன்னேன்?"

"விரல் வெளிய. குழல் மணலுக்கு."

"எத்தனை தடவை சொல்ல வச்சேன்?"

"நூறு இருக்கும்."

"நூத்தி எட்டு. வாய் வலிக்குதுன்னு நூறுல ஒருக்கா நிறுத்தினீங்க. நான் விடல."

இப்போது கோமதிநாயகத்துக்கும் கோபம் ஏறியது. அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஒருவர் அவரை ஒருமையில் அதட்டியிருக்கிறார். சென்ட்ரி வேறு கேட்டிருக்கிறார்.

"ஊசி இல்லாத துப்பாக்கிக்கு என்னத்துக்கு இந்தக் கத்து கத்துறீங்க? சேஃப்டி போட்டிருக்கு. குண்டு கிடையாது. இது பொம்மை! இதுல பயப்பட என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல!"

"சரி. உங்க இடது காலுக்கு நேராப் பிடிச்சு டிரிகரை அமுக்குங்க."

கோமதிநாயகம் சிரித்தார். "இவ்வளவுதானா?" பிஸ்டலைத் தாழ்த்தினார். குழல் முட்டியைத் தாண்டி இறங்கியது. பளபளப்பாகப் பாலிஷ் போட்ட ஷூவுக்கு ஒரு சாண் தூரம் வந்ததும் தானாக ஒதுங்கித் தரையைப் பார்த்தது.

அவர் மறுபடியும் கொண்டுவந்தார். மறுபடியும் ஒதுங்கியது.

மூன்றாவது முறை இடது கையாலும் பிடித்துக்கொண்டார். குழல் ஷூவுக்கு நேராக நின்றது. அவருடைய ஆள்காட்டி விரல் டிரிகரைவிட்டு வெளியே வந்து, பிஸ்டலின் பக்கவாட்டில் நேராக நீண்டுகொண்டது. முதல் நாள் சொல்லிக்கொடுத்தபடியே, துளியும் பிசகாமல். உள்ளே போ என்று அவர் அதற்கு உத்தரவிட்டார். அது போகவில்லை. நெற்றியில் இருந்து ஒரு சொட்டு வியர்வை ஷூவில் விழுந்தது.

மாஸ்டர் எழுந்து வந்து பிஸ்டலை வாங்கிக்கொண்டார். அவர் குரல் தணிந்திருந்தது. கோபம் தணியவில்லை.

"இந்தத் துப்பாக்கிக்கு ரெண்டு சேஃப்டி ஐயா. ஒண்ணுல சந்தனம் அடைச்சிருந்துச்சு. அதை நான் எழுதிட்டேன். இன்னொண்ணு நல்லாத்தான் வேலை செய்யுது, ஒரே ஒருத்தர் காலுக்கு மட்டும். அதை யாரு எழுதுறது?"

கோமதிநாயகம் தன் கையைப் பார்த்தார். பிறகு நான்கு பக்கக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மேசையில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். புதிய கடிதம் மூன்று வரிதான் வந்தது. இசக்கிராஜா எங்கே நின்றார் என்பது அதில் இல்லை; தன் விரல் எங்கே இருந்தது என்பது இருந்தது.

அவருடைய சஸ்பென்ஷன் ஐந்து மாதம் இருந்தது. இசக்கிராஜாவின் மெமோ இரண்டாம் நாளே ரத்தானது.

அடுத்த ஆண்டு ஆயுத பூஜையில் அந்தக் கிடங்கின் பிஸ்டல்களுக்குச் சந்தனம் வைக்கவில்லை. மணல் பெட்டிக்கு வைத்தார்கள். வைத்தவர் காவலர் இசக்கிராஜா.