சுறாவின் ஈரலில் விழுந்த ஊமைமுடிச்சு

சுறா ஓயாமல் நீந்துவது கொலைவெறியால்தான் என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருமனதாக நம்புகிறார்கள். அந்த ஒற்றுமை பாராட்டத்தக்கது, கருத்துதான் தவறு. நின்றால் அதற்கு மூச்சு முட்டிவிடும் என்பாரும் உளர். மணலில் வயிறு பதித்துத் தூங்கும் சுறாக்களை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை போலும். உண்மையான காரணம் ஒரு முடிச்சு. இதை அறியாமலேயே இத்தனை தலைமுறைகள் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு வீடு திரும்பியிருக்கின்றன என்பது ஆழ்ந்த வருத்தத்துக்குரியது.

அந்தக் காலத்தில் மீன்கள் பேசின, வம்பும் பேசின. எல்லா மீனுக்கும் வயிற்றில் ஒரு காற்றுப்பை இருந்தது, சுறாவுக்கும் இருந்தது. நினைத்த ஆழத்தில் அசையாமல் மிதக்கலாம். ஆனால் கொழுப்பு மட்டும் யாருக்கும் தானாகச் சேராது. தின்றதில் மிஞ்சிய இழைகளைக் கவ்விக்கொண்டு கணவாய் மீனிடம் போகவேண்டும். பத்துக் கை உள்ளவர் என்பதால் முடிச்சுப் போடும் தொழில் அவருக்கு வாய்த்திருந்தது. மூன்று முளை கொண்ட சிறிய ஆணியில், முளைக்கு ஓர் இழையாகக் கட்டிக் கொடுப்பார். அதை விழுங்கினால் ஈரலில் எண்ணெயாகத் தங்கும். ஒவ்வோர் இழையின் தலையிலும் வளையம் போல ஒரு கண் இருக்கும். பஞ்சம் வந்தால் அந்தக் கண்ணைப் பிடித்து இழுத்தால் போதும். உருவாஞ்சுருக்குப் போல முடிச்சு கழன்று இழை வாய்க்கு வந்துவிடும். கணவாயின் பாறையடியில் ஒரே ஒரு சட்டம்தான்: அங்கே யாரும் யாரையும் தின்னக் கூடாது.

ஒருநாள் அந்தப் பாறையடிக்கு ஒரு பெண்சுறா வந்தாள். இரண்டு முறை குட்டி போட்டு, இரண்டு முறையும் பறிகொடுத்தவள். வயிற்றில் மூன்றாவது ஈற்று.

"என்ன மதினி, மறுபடியுமா?" என்றாள் வரிசையில் முன்னால் நின்ற சாளை மீன். சட்டம் கொடுத்த தைரியம்.

"ஆமா."

"இந்தத் தடவையாவது வாயைக் கட்டு. பிள்ளைக்குன்னு சேர்த்ததை நீயே தின்னு தீர்த்தேன்னு கடல் பூரா பேச்சு."

"கடல் என்ன சொல்றது, நானே சொல்றேன். திங்கும்போது பிள்ளை ஞாபகம் வரல. தின்னு முடிச்சப்புறம்தான் வந்துச்சு."

சாளைக்கு அதற்குமேல் கேலி வரவில்லை.

"எப்பவும்போல கட்டிரவா தாயி?" என்றார் கணவாய்.

"வேண்டாம் அண்ணாச்சி. நானே இழுத்தாலும் வராத மாதிரி கட்டுங்க."

"அவுக்கத்தானே தாயி கொழுப்பைக் கட்டுறது?"

"பிள்ளைங்க பிறந்தப்புறம் அவுத்துக்கலாம். அதுவரைக்கும் என் வாய்க்கு எட்டக் கூடாது."

கணவாய் தம் தொழிலில் கெட்டிக்காரர். கெட்டிக்காரர்களுக்கு, தேவையே இல்லாத ஒரு வித்தையைச் செய்துபார்க்கும் ஆசை எப்போதும் உண்டு. "ஊமைமுடிச்சுன்னு ஒண்ணு இருக்கு," என்றார். "யாரும் கேட்டதில்ல. கூலியா உன் காற்றுப்பையைக் கொடுத்திரு. அந்த முடிச்சு விழுந்த எண்ணெய் லேசானது, அதுவே உன்னை மிதக்க வைக்கும். அப்புறம் பை எதுக்கு?"

"மதினி," என்றாள் சாளை, "நாளைக்கே உன் வாய்க்குள்ள போகப்போறவ நான். உன்மேல அக்கறைப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்ல. இருந்தாலும் அவருக்கு அவுக்கத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

சுறா கேட்கவில்லை. கேட்டால் கட்டாமல் விட்டுவிடுவாரோ என்று பயந்தாள்.

கணவாய் வேலையைத் தம் உடம்புப் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு செய்தார். முதலில் எப்போதும்போல ஓர் இழையை முளையில் கட்டினார். பிறகு அதை உருவி எறிந்தார். வேறோர் இழையை எடுத்து, அதன் தலையில் இருந்த கண்ணை வெட்டிவிட்டு, அதே முளையில் இறுக்கினார். ஆணிக்கு ஒரு முளையில்தான் அப்படி. மற்ற இரண்டிலும் வழக்கமான முடிச்சு. "மூணுலயும் போட்டா நீ செத்துருவ," என்றார், பெரிய கருணையோடு.

சுறாவின் ஈரல் எண்ணெயால் வீங்கி வயிற்றில் பாதியை அடைத்தது. காற்றுப்பையைக் கூலியாகக் கொடுத்த பிறகும் மிதந்தாள். சில நாள் சந்தோஷமாகக்கூட இருந்தாள்.

பஞ்சம் வந்தது. சாளைக் கூட்டம் வேறு கடலுக்குப் போய்விட்டது. ஒவ்வோர் ஆணியிலிருந்தும் இரண்டு இழைகளை இழுத்துத் தின்றாள். மூன்றாவது அசையவில்லை. 'இது பிள்ளைகளுக்கு' என்று மகிழ்ந்தாள். ஆனால் எண்ணெய் குறையக் குறைய உடல் கனத்தது. நின்றால் கீழே போனாள். கீழே போகாமலிருக்க நீந்தினாள். நீந்தியதால் இன்னும் பசித்தது. உள்ளே குட்டிகள் முட்டின.

கணவாயிடம் போனாள். நிற்க முடியாததால் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தபடியே பேசினாள்.

"அண்ணாச்சி, அவுத்து விடுங்க."

ஒரு சுற்றுப் போய்த் திரும்புவதற்குள் அவர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். "கண்ணு இருந்தாத்தானே தாயி இழுக்கலாம்? அதைத்தான் வெட்டியாச்சே."

"பிள்ளைங்க பிறக்கப்போகுது."

"கட்டத்தான் எனக்குத் தெரியும்."

அடுத்த சுற்றில், "பையையாவது கொடுங்க. கொஞ்ச நேரம் நின்னுக்கிறேன்," என்றாள்.

கணவாய் திரும்பி முதுகைக் காட்டினார். பை அங்கே வெள்ளை ஓடாக இறுகிப் போயிருந்தது. "இனி வராது," என்றார். அவர் குரலில் அப்போதுதான் முதன்முதலாகக் கொஞ்சம் பயம் தெரிந்தது.

அதற்கடுத்த சுற்றுக்கு அவள் வரவில்லை.

நீந்திக்கொண்டே ஈன்றாள். ஊசி ஊசியாய்க் குட்டிகள்.

"அம்மா, பசிக்குது," என்றது ஒன்று.

அத்தனை பேருக்கும் போதுமான எண்ணெய் அவளுக்குள் இருந்தது. ஒரு துளியைக்கூட வெளியே எடுக்க வழி இல்லை. குட்டி அருகே வந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

"ஓடுங்க," என்றாள்.

"எங்கே அம்மா?"

"என் கண்ணுல படாத இடத்துக்கு."

அன்று முதல்தான் சுறாக்குட்டி பிறந்த கணமே தாயைவிட்டு ஓடுகிறது. தாய் நின்று பார்ப்பதில்லை, நின்றால் மூழ்கிப்போகும். பட்டினியில் மெலிந்து வலையில் சிக்கிய சுறாவை அறுத்தாலும் ஈரலில் எண்ணெய் இருக்கிறது. கரையில் அதை உருக்கி வள்ளத்தின் பலகைகளில் பூசுகிறார்கள். தண்ணீர் ஏறுவதில்லை.